பார்த்திபன் கனவு: வேஷம் கலைந்த பிறகு

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறையில் ஒரே மூச்சில் படித்த கல்கியின் 'பார்த்திபன் கனவை', ஏற்காட்டில் மழைக்கு அறைக்குள் முடங்கிக் கிடந்தபோது மறுபடி படித்தேன். சிவனடியார் யாரென்று முன்பே தெரிந்ததால் விறுவிறுப்பே இல்லை. விக்கிரமன் மேலும் பெரிய மதிப்பு வரவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா, நேராகப் 'பொன்னியின் செல்வ'னுக்கே போய்விடலாமா?

வாசகர், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

(நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.)

வேஷம் தெரிந்த பிறகுதான் எனக்கு இந்த நாவல் பிடித்தது. வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். பிணங்களுக்கு நடுவே குற்றுயிராகக் கிடக்கிறான் சோழ மன்னன் பார்த்திபன். சிவனடியார் வந்து, உன் மகனை வீர மகனாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். நீங்கள் யார் என்றதும் ஜடாமுடியையும் தாடியையும் விலக்குகிறார். பார்த்திபன் பார்த்துவிடுகிறான், நமக்குத்தான் காட்டமாட்டார் கல்கி. தொடர்கதைக்காரரின் சாமர்த்தியம் என்று அன்று தோன்றியது. இன்று அந்த ஏற்பாடே விபரீதமாகப் படுகிறது. எவன் படை தன்னைச் சாய்த்ததோ அவனிடமே பிள்ளையை ஒப்படைத்துவிட்டுச் சாகிறான் ஒருவன். சிவனடியார் வேஷத்தில் வந்த நரசிம்ம பல்லவச் சக்கரவர்த்தியோ தன்னையே எதிர்க்கும்படி அந்தப் பையன் விக்கிரமனை ஆளாக்கி, அவன் எதிர்த்ததும் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நாடு கடத்துகிறான். பார்த்திபனின் ராணி அருள்மொழி சிவனடியார் முன் கண்கலங்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. கல்கிக்குக் கூசியதாகத் தெரியவில்லை. சக்கரவர்த்தி மேல் அவருக்கு அத்தனை பிரியம். அடுத்து 'சிவகாமியின் சபத'த்தில் அவனுடைய இளமைக்கே போய்விட்டாரே!

விக்கிரமன் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். செண்பகத் தீவிலிருந்து ரத்தின வியாபாரியாக வருகிறான், ஜுரத்தில் படுக்கிறான், சக்கரவர்த்தியின் மகள் குந்தவி பார்த்துக்கொள்கிறாள். ஓடியாடி அலைவதெல்லாம் படகோட்டி பொன்னன். காதலும் கொஞ்சம் அவசரக் காதல்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு ருசியும் உண்டு. நரபலி கொடுக்கும் கபாலிகர் கதை கொல்லிமலைப் பக்கம் நீள்கிறதல்லவா? 1920களின் கடைசியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, மதுவிலக்குக்காக 'விமோசனம்' பத்திரிகையில் உழைத்தவர் கல்கி. அந்த ஊரும் கொல்லிமலையும் அன்று சேலம் ஜில்லா. 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கி முதல் சரித்திரக் கதை எழுதும்போது, கபாலிகரை ஒளித்துவைக்க இந்த மலை நினைவுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

மகளுக்கு முதலில் இதையே கொடுங்கள். மூன்றே பாகம், பிடித்தால் ஒரு வாரம் தாங்காது. நாட்டுடைமையான எழுத்து என்பதால் மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கும், அச்சுப்பிழையும் அதே அளவுக்கு. வாங்குமுன் நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள்.