அம்மா வீட்டு வேலைக்கு வரும் அக்கா நிலைத்து நிற்க என்ன செய்யலாம்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கல்யாணமாகி பிரான்சுக்கு வந்து ஆறு மாதம். அம்மா புதுச்சேரியில் லாஸ்பேட்டை வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டு வேலைக்கு வந்த மூன்று பேர் வரிசையாக நின்றுவிட்டார்கள். முதலாமவர் வேலை அதிகம் என்று நின்றார். இரண்டாமவர் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமல்போன சண்டையில் போனார், சிமிழ் பிறகு பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. மூன்றாமவர் தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வரவில்லை. நம்பிக்கையான ஆளை எப்படிப் பிடிப்பது, எப்படி நிறுத்திவைப்பது, கேமரா வைக்கலாமா, கூடவே தங்கும் ஆள் தேவலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முத்தியால்பேட்டைக்காரி. பல வருடமாக பாரிசுக்கு வடக்கே சார்செல் பக்கம் இருக்கிறேன். வந்த புதிதில் ஆபீஸ்களிலும் வீடுகளிலும் மெனாஜ், அதாவது சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். நம் ஊர்ப் பெண்கள் நிறைய பேர் இங்கே அந்த வேலையில்தான் தொடங்கினார்கள். ஊரில் என் அம்மா வீட்டுக்கு ரொம்ப காலமாக ஒரே அக்கா வருகிறார். துடைக்கிற பக்கமும் நின்றிருக்கிறேன், சம்பளம் கொடுக்கிற பக்கமும் நிற்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: ஆள் நிற்பதும் போவதும் பெரும்பாலும் வீட்டு ஏற்பாட்டைப் பொறுத்தது. நேரம், வேலை, சம்பளம் இந்த மூன்றும் மாறாமல் இருக்கிற வீட்டை எந்தப் பெண்ணும் எளிதில் விடமாட்டார்.

உங்கள் முதல் அக்கா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பாத்திரமும் பெருக்கித் துடைப்பதும்தான் பேச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் துணி காயப்போடுவது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது, மார்க்கெட்டுக்குப் போய்வருவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கிறது, சம்பளம் மட்டும் அதேதான். அவர் காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால் எட்டேகாலுக்கு அடுத்த வீட்டில் நிற்க வேண்டும். நடுவில் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அரை மணி நேரம் கூடினால் மற்ற மூன்று வீட்டிலும் அவருக்குத் திட்டு விழும். கடைசியில் எந்த வீடு தாமதப்படுத்துகிறதோ அந்த வீட்டைத்தான் விடுவார். அதனால் என்னென்ன வேலை என்பதைத் தொடக்கத்திலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். கழிவறை கழுவுவது தனி, அதற்குத் தனிக் காசு. ஒட்டடை, ஜன்னல் கம்பி, மின்விசிறி எல்லாம் மாதம் ஒருமுறை, அன்றைக்குக் கூடுதல் கூலி. கடல்காற்றில் நம் ஊர் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அது சும்மா ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போகிற வேலை இல்லை.

ஆள் தேடும்போது முதலில் தூரத்தைப் பாருங்கள். லாஸ்பேட்டை வீட்டுக்கு வில்லியனூரிலிருந்து வருகிற ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்றுபோவார். டெம்போ காசும் அவர் கையைக் கடிக்கும். கருவடிக்குப்பம் மாதிரி நடந்து வரக்கூடிய தூரத்தில் தேடச் சொல்லுங்கள். அதிலும் உங்கள் தெருவிலேயே ஏற்கெனவே ஒரு வீட்டில் வேலை செய்பவர் கிடைத்தால் வேறு யாரையும் பார்க்க வேண்டாம். இங்கிருந்து இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, தண்ணீர் கேன் போடுகிற பையன், இவர்களுக்கு எந்த வீட்டில் யார் எத்தனை வருடமாக வேலை செய்கிறார், யார் நேரத்துக்கு வருவார் எல்லாம் தெரியும். அம்மாவே அவர்களிடம் கேட்கட்டும். "அம்மாவுக்கு முடியல, என் பொண்ணை அனுப்புறேன்" என்று பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்தே தடை. சட்டம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை அந்த நேரத்தில் வகுப்பில் இருக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் நீங்கள் லீவுக்குப் போகும்போது ஆளைச் சேர்க்க நினைப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும். பாத்திரம் மலையாகக் குவியும், துணி மூன்று மடங்கு. புதிதாக வருபவர் எப்போதுமே இப்படித்தான் என்று மிரண்டு போவார். வீடு வழக்கம்போல இருக்கும் மாதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிரான்சிலிருந்து குடும்பமாகப் போய் இறங்கும் வாரங்களுக்குக் கூடுதல் சம்பளம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்மவர்கள் பல வீடுகளில் செப்டம்பரில் ஆள் நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். நாம் விமானம் ஏறிவிடுகிறோம், அவர் முதுகுவலியோடு நிற்கிறார், கையில் ஒரு சாக்லேட் பொட்டலம்.

சிமிழ் விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பொருள் கிடைத்த பிறகு அந்த அக்காவிடம் யாராவது போய்ச் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவர் இன்னும் பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறார் என்றால் அம்மா நேரில் போய் "கிடைச்சிடுச்சும்மா, உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு" என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். திருட்டுப் பேர் வந்துவிட்டால் அந்தத் தெருவில் அவருக்கு மற்ற வீடுகளும் போகும். அவர் திரும்பி வருகிறாரோ இல்லையோ, இதைச் செய்துவிடுங்கள். இனிமேல் நகை, வெள்ளி எல்லாம் பேங்க் லாக்கருக்குப் போகட்டும். வயதான காலத்தில் எதை எங்கே வைத்தோம் என்பது மறக்கும். ஒரு பொருள் காணோம் என்றால் இரண்டு நாள் வீட்டைத் தேடிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று அம்மாவிடம் அன்பாகச் சொல்லுங்கள். சேரும்போது ஆதார் நகல், ஒரு போட்டோ, வீட்டில் இன்னொருவர் போன் நம்பர் வாங்கி வைப்பது நல்லது. அவருக்கு மயக்கம் வந்து விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கும் அந்த நம்பர் வேண்டும்.

அட்வான்ஸ் கேட்பதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். அவர்கள் வருடத்தில் எப்போது கேட்பார்கள் என்று உங்களாலேயே கணக்குப் போட முடியும். கடலோரக் குப்பங்களிலிருந்து வருபவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவராக இருந்தால் அந்த இரண்டு மாதம் வீட்டில் கடல் வருமானம் இருக்காது. பள்ளிக்கூடம் திறக்கும்போது பீசும் நோட்டும். அப்புறம் தீபாவளி. இவை போகக் குழு லோன் தவணை வேறு. தவணை நாளில் பணம் கட்டவில்லை என்றால் குழுப் பெண்கள் எல்லோரும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், அந்த அவமானத்துக்கு அவர்கள் ரொம்பப் பயப்படுவார்கள். சம்பளம் ஒன்றாம் தேதியே கையில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஐந்தாம் தேதி, எட்டாம் தேதி என்று தள்ளினால் அவர் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். அட்வான்ஸ் ஒன்று தீர்ந்த பிறகே அடுத்தது. மாதா மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதை அவரே சொல்லட்டும். அதை ஒரு சின்ன நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். மொத்தச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டால் அவர் அடுத்த மாதம் எதை வைத்துச் சாப்பிடுவார்? அப்படிப் பிடிக்கப்போகிறார்கள் என்ற பயத்திலேயே வராமல் போகிறவர்கள் உண்டு.

இங்கே பிரான்சில் ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம் சுத்தம் செய்ய ஆள் வைத்தாலும், வீட்டு வேலையாட்களுக்கான செசு என்ற ஏற்பாட்டில், சமூகப் பாதுகாப்புச் சந்தா வசூலிக்கும் உர்சாஃபில் பதிய வேண்டும். மணிக்கூலியோடு லீவுச் சம்பளமாக 10 சதவீதம் சேர்த்துக் கொடுக்கிறோம், வருடத்துக்கு 5 வாரம் லீவு உண்டு. நாம் செய்யும் செலவில் பாதியை, ஓர் உச்சவரம்புக்குள், அரசாங்கம் வரியில் திருப்பித் தருகிறது. நான் மெனாஜ் செய்த காலத்தில் லீவு எடுத்துவிட்டுத் திரும்பினால் வேலை இருக்கும் என்ற நிம்மதி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் அந்தப் பாதியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். ஆனால் அங்கே கொடுக்கும் முழுச் சம்பளமும் உங்களுக்கு இங்கே ஒரு வாரக் கடைச் செலவுக்குள் அடங்கிவிடும். எனவே வாரம் ஒருநாள் லீவு. பொங்கல், மாசி மகம், அவர் ஊர்த் திருவிழா, இதற்கெல்லாம் சம்பளத்தோடு லீவு. வீராம்பட்டினம் தேர் அன்றைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணை வேலைக்கு எதிர்பார்க்கவே கூடாது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், புடவை அதற்கு மேல்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. அம்மா 90 நாள் விசாவில் உங்களிடம் வந்து இருந்துவிட்டுப் போவார். அந்த மூன்று மாதமும் வீடு பூட்டியிருக்கிறதே என்று சம்பளத்தை நிறுத்தினால் அவர் அந்த நேரத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அம்மா திரும்பிப் போய்ப் பூட்டைத் திறக்கும்போது தூசியும் சிலந்தி வலையும்தான் காத்திருக்கும். சம்பளத்தைத் தொடர்ந்து கொடுங்கள், வாரம் ஒருமுறை சாவி வாங்கி வாசல் பெருக்கி, குழாயைத் திறந்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். என் அம்மா வீட்டில் இப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊரே மூழ்கியபோது அந்த அக்காவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. எப்போது வேலைக்கு வருவாய் என்று கேட்கவில்லை, சம்பளத்தைப் பிடிக்கவுமில்லை, பாய், அரிசி வாங்கப் பணம் அனுப்பினோம். சேற்றைக் கழுவி முடித்ததும் அவரே வந்துவிட்டார்.

கேமரா வாசல் கேட்டுக்கு மட்டும் போதும், அது அம்மாவின் பாதுகாப்புக்கு. அதையும் அக்காவிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். இங்கே வேலையாளுக்குத் தெரியாமல் கேமரா வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஊரில் யார் கேட்கப்போகிறார்கள் என்று சமையலறையில் வைத்தால், குனிந்து பாத்திரம் தேய்க்கும் பெண்ணை ஓர் ஆண் வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாகத்தானே ஆகும்? எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது. கேமராவில் இருக்கும் ஸ்பீக்கரில் "மூலையில தூசி இருக்கு பாருங்க" என்று குரல் கொடுப்பதை அறவே விடுங்கள். வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரம், குளிர் காலத்தில் நாலரை மணி நேரம் நாம் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறோம். அவர் வேலை செய்கிற காலை ஏழு மணிக்கு உங்களுக்கு நடு ராத்திரி. முதலாளி உங்கள் அம்மாதான், நீங்கள் இல்லை. சம்பளத்தைக்கூட நேராக அக்காவின் கணக்குக்கு அனுப்பாமல் அம்மாவிடம் அனுப்பி, அம்மா கையால் கொடுக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் நடுவில் நீங்கள் போய் நின்றால், அம்மா சொல்வதை அவர் கேட்கமாட்டார், அவர் படும் கஷ்டமும் அம்மா காதுக்குப் போகாது.

காபிக்குத் தனி டம்ளர், உட்காரத் தரை, கழிவறைக்குப் போகக் கூடாது என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். காலையிலிருந்து நாலு வீடு சுற்றும் பெண் சிறுநீரை அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார். நாம் படித்துவிட்டு, உலகம் சுற்றிவிட்டு, இதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அம்மா முதலில் முகம் சுளிப்பார். பேசுங்கள், திரும்பத் திரும்பப் பேசுங்கள்.

வேலைச் சாமானுக்குக் காசு பார்க்காதீர்கள். எங்கள் அக்காவுக்கு முட்டி வலி, குத்துக்கால் போட்டுத் துணியால் துடைக்க முடியவில்லை. பிழியும் வாளியோடு வரும் நின்றபடி துடைக்கிற மாப்பு வாங்கிக் கொடுத்தோம். தேய்க்கிற பவுடரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. கையுறை போட்டால் பாத்திரம் வழுக்குகிறது என்றார். அதனால் திரவ சோப்புக்கு மாறினோம், தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று சிங்க் பக்கத்திலேயே இருக்கிறது. கழிவறைக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நெஞ்சை அடைக்கும்.

அவருக்கு பேங்க் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். 50 வயதுக்குள் என்றால் வருடத்துக்கு 436 ரூபாயில் ஜீவன் ஜோதி என்ற ஆயுள் காப்பீடும் போடலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-ல் வந்த இ-ஷ்ரம் என்ற அரசாங்கப் பதிவில் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடமுண்டு. படிவம் நிரப்ப அவருக்கு உதவி வேண்டியிருக்கும், நீங்கள் ஊருக்குப் போகும்போது ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக, கூடவே தங்கும் ஆள். அம்மா நன்றாக நடமாடுகிறார், தானே சமைக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் இப்போதைக்கு அது வேண்டாம். ராத்திரித் துணைதான் உங்கள் கவலை என்றால் அதற்கு மட்டும் தனியாக ஒருவரைப் பாருங்கள், தெருவில் கணவரை இழந்த, தனியாக இருக்கும் அம்மாக்கள் யாராவது இரவு வந்து படுத்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள், அதற்கும் மாதச் சம்பளம் பேசுங்கள். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவையே ராத்திரியும் இருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னால் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் ஆள் தேவைப்பட்டால் அது வேறு வேலை, வேறு சம்பளம், அதற்கு ஆள் பார்ப்பதும் வேறு மாதிரி. அப்போது எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.