விசிறியை மாற்றுவதற்கு முன்

கடிதம்:

வணக்கம் ஐயா. அப்பா விட்டுச்சென்ற 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் எங்களிடம் இருக்கிறது. 1098 சிசி எஞ்சின். சாவகச்சேரிக்கு ஓடினால் நான் பூட்டிய வெப்பமானியின் முள் நடுவில் நிற்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்து நெரிசலில் ஊர்ந்தால் பத்து நிமிடத்தில் சிவப்பைத் தொடுகிறது. கனடாவில் இருக்கும் தம்பி, மின்விசிறி ஒன்றை அனுப்புகிறேன் என்கிறான். பழைய இரும்பு விசிறியைக் கழற்றிவிட்டு ஆறு செட்டைப் பிளாஸ்டிக் விசிறி போடலாம் என்கிறான் மகன். கராஜ்காரரோ, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மறித்துவைக்கும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றினால் போதும் என்கிறார். மின்சாரம் தரும் டைனமோ பழையதுதான். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஓடும்போது முள் நடுவில், ஊரும்போது சிவப்பில். இந்த இரண்டையும் சேர்த்து எழுதினீர்களே, அதுவே பாதிப் பதில். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் காருக்கு எதிர்க்காற்றே போதும். அப்போது விசிறி இருப்பதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும்தான் அதற்கு வேலை. பட்டியில் சுழலும் விசிறியோ, எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் தானும் மெதுவாகச் சுழலும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைவாகத் தரும். ஆகவே உங்கள் தம்பியும் மகனும் காரணமில்லாமல் பேசவில்லை. சாவகச்சேரிக்குப் போகும் கண்டி வீதியில் ஓடும்போது முள் ஏறியிருந்தால், விசிறிப் பேச்சையே விட்டுவிட்டு வேறிடத்தில் தேடச் சொல்லியிருப்பேன்.

ஆனால் காசை எடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். எஞ்சினின் சூட்டுத் தண்ணீரை ஆறவைக்கும் றேடியேற்றருக்கு இத்தனை ஆண்டுகளாக என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

கிணற்றுத் தண்ணீர் என்றால், உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளைக் காறல் தட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழையைத்தான் இறைக்கிறோம். கேத்திலில் படிவது றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அரைவாசி அடைபட்ட றேடியேற்றர் கூட எதிர்க்காற்று இருக்கும்வரை சமாளித்துவிடும். வண்டி நின்றதும் கைவிட்டுவிடும். அதாவது விசிறியின் குறையும் றேடியேற்றரின் குறையும் வெளியே ஒரே முகத்தைக் காட்டும். இதைப் பிரித்தறியாமல் விசிறி வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரித்தறிவது கடினமில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு நிறுத்துங்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, றேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை மெதுவாக நகர்த்துங்கள். சூடு மேலிருந்து கீழே சீராகக் குறைந்தால் நல்லது. இடையிடையே குளிர்ந்த திட்டுகள் தட்டுப்பட்டால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. மூடியை மட்டும் சூட்டோடு திறக்க வேண்டாம், கை வெந்துபோகும்.

தண்ணீரைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து கண்டி வீதியில் இறங்கியபோது, எங்கள் வீட்டு ஒஸ்ரினும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. பெற்றோல் இல்லாத காலம். துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் எஞ்சினை எப்படிக் கொதிக்க வைக்கும் என்பது அன்று கார் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நாவற்குழிப் பாலத்துக்கு முன்பே றேடியேற்றர் பொங்கிவிட்டது. அடி அடியாக நகரும் காருக்கு அந்த விசிறியால் ஒரு பயனும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்துச் சேர்த்த மழைநீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். காருக்கு அப்பா கடல்நீரேரியில் அள்ளிய உப்புத் தண்ணீரை ஊற்றினார். வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தண்ணீர் எங்களைத் தென்மராட்சி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அடுத்த ஆண்டு முடிவதற்குள் றேடியேற்றர் பல இடங்களில் அரித்து ஒழுகியது. அதன் பிறகு அப்பா மாரி மழையில் முதல் நீரைப் போகவிட்டு, இரண்டாம் மழையைப் போத்தல்களில் பிடித்துவைப்பார். நானும் அப்படியே செய்கிறேன். அதனுடன் கூலன்ற் கலக்கிறேன். உறைபனி இல்லாத ஊரில் கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. நமக்கு இந்த இரண்டும் வேண்டும்.

தேர்மோஸ்ராற்றைக் கழற்ற வேண்டாம். உங்கள் முள் ஏறுவது அது திறக்காததால் அல்ல. திறக்காவிட்டால் சாவகச்சேரிப் பாதையிலும் ஏறியிருக்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமலேயே ஓடித் தேயும். நெரிசலில் உங்களுக்கு ஒரு பயனும் கிடைக்காது.

இனி விசிறி. றேடியேற்றரைக் கழற்றி, குழாய்களுக்குக் கம்பி விட்டுச் சுத்தம் செய்த பிறகும் முள் ஏறினால், மகன் சொல்வதைச் செய்யுங்கள். செட்டை கூடினால் மெதுவான சுழற்சியிலும் கூடுதலாகக் காற்று இழுக்கும். சற்று இரையும், தண்ணீர்ப் பம்பின் பெயாரிங்குக்குக் கொஞ்சம் சுமை கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விசிறியை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதைச் சுற்றி வரும் தகரக் கூடு. கூடு இல்லாத விசிறி, றேடியேற்றரைத் தாண்டி வந்த அதே சூட்டுக் காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். தகர வேலை தெரிந்த ஒருவர் அரை நாளில் செய்து தருவார். செட்டை நுனிக்கும் கூட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளில் ஆடும்.

தம்பி அனுப்பும் மின்விசிறி நல்ல பொருள்தான். எஞ்சின் வேகத்தைப் பாராமல் முழு வேகத்தில் சுழலும். உங்கள் குறைக்கு நேரான மருந்து அதுவே. ஆனால் உங்கள் டைனமோ நன்றாகச் சுழலும்போதே 22 அம்பியர்தான் தரும். வண்டி நின்று இரையும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. அப்போது டைனமோவின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு மினுங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மின்விசிறி பத்து அம்பியர் அளவில் கேட்கும். இரவு நெரிசலில் முன்விளக்கும் எரிந்தால் எல்லாச் சுமையும் பற்றரியின் தலையில். ஆகவே முதலில் டைனமோவுக்குப் பதிலாக, மெதுவான சுழற்சியிலும் மின்சாரம் தரும் ஓல்ரனேற்றர், பிறகுதான் மின்விசிறி.

இன்னொன்று. மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. பழைய இணைப்பை மாற்றாமல், இன்றைய கார் முறையில் வயரைப் பூட்டினால் விசிறி எதிர்ப்பக்கம் சுழன்று காற்றை முன்னால் தள்ளும். நீங்கள் ஓடும்போது அது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். பூட்டியதும் றேடியேற்றருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளினால் மோட்டாரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள்.

மின்விசிறியை வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். வரட்டும், அலுமாரியில் இருக்கட்டும். றேடியேற்றரைக் கழற்றியதும் அடித்தொட்டியில் என்ன கிடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.