பம்பைத் திருகினால் வண்டி இழுக்குமா? லாரிக்காரர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் 3 என்ற மாசு விதிப்படி செய்தது), ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி. டீசல் பம்ப் இன்லைன் வகை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி லைனில் டீசலை அழுத்தித் தள்ளுவது). எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய்வருகிறேன். புளியரை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இப்போது இரண்டாம் கியரிலேயே திணறுகிறது. பம்பில் டீசலைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும், 1,500 ரூபாய் போதும் என்கிறார் மெக்கானிக். கூட்டலாமா? (செங்கோட்டை வாசகர்)

பதில்: கூட்ட வேண்டாம். ஏறிக்கொண்டிருந்த வண்டி ஏறவில்லை என்றால் எங்கோ ஏதோ குறைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் டீசலைக் கூட்டினால் பழுது அப்படியே இருக்கும், செலவு மட்டும் இன்ஜின் வரை போகும்.

முதலில் ஏற்றத்தில் புகையைக் கவனியுங்கள். கரும்புகை தள்ளிக்கொண்டு திணறினால் பெரும்பாலும் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் திணறினால் டீசல் போதவில்லை. பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடும்.

கரும்புகை என்றால் ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள். குவாரித் தூசியில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, அதற்கு முன்பே அடைத்துவிடும். உள் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து மறுபடி போடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக வரும் ஹோஸ்கள். கிளிப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் அங்கே காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவி, இன்ஜினை ரேஸ் செய்து பாருங்கள், நுரை காட்டிக்கொடுக்கும்.

புகை இல்லாத திணறல் என்றால் ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, பம்பில் உள்ள லீவர் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள். ராடு புஷ் தேய்ந்து லீவர் முழுதாகத் திரும்பாத வண்டிகள் நிறைய. பிறகு டீசல் ஃபில்டர், டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் சின்ன வலை, டேங்க்கிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் உள்ள பாஞ்சோ வாஷர்கள், ஓவர்ஃப்ளோ வால்வு. அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்புக்குள் டீசல் அழுத்தம் நிற்காது.

பலரும் பார்க்காமல் விடுகிற ஓர் இடம் உண்டு. டர்போ வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பம்பின் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) பக்கம் ஒரு மெல்லிய குழாய் வரும். டர்போ அழுத்தம் ஏறுவதை உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வுக்குச் சொல்வது அதுதான். அழுத்தம் ஏறினால்தான் டயஃப்ரம், டீசல் அளவை மாற்றும் ரேக்கை முழு அளவுக்கு விடும். குழாய் வெடித்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்தாலோ, டர்போ நன்றாக ஓடினாலும் பம்ப் குறைந்த டீசலையே கொடுக்கும். மேனிஃபோல்ட் பக்கம் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இதற்குப் பம்பையே திருகுவது வீண்.

இத்தனையும் சரி, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடவில்லை, கிளட்ச் வழுக்கவில்லை, லோடும் பெர்மிட் அளவுக்குள் என்றால் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் (பம்பைத் தனியாக ஓட்டி டீசல் அளவை அளக்கும் மேடை) உள்ள கடைக்குக் கொடுங்கள். வண்டியில் இருக்கும்போதே, அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் ஃபுல்-லோடு ஸ்க்ரூவைத் திருகும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை சிசி கூடியது என்று திருகியவருக்கே தெரியாது.

பெஞ்ச்சில் போடும்போது பம்பின் தகட்டில் உள்ள எண்ணுக்கு உரிய டெஸ்ட் பிளான் (கம்பெனி சொன்ன அளவுகளின் பட்டியல்) அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1,000 ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு லைனும் எத்தனை சிசி கொடுக்கிறது, குறைந்த சுற்றிலும் முழுச் சுற்றிலும் எவ்வளவு, டர்போ அழுத்தம் கொடுத்தும் கொடுக்காமலும் எவ்வளவு, கவர்னர் எந்தச் சுற்றில் கட் ஆகிறது என்று, கொண்டுவந்த நிலையில் ஒரு முறையும் வேலை முடித்தபின் ஒரு முறையும் எழுதி வாங்குங்கள். இன்ஜெக்டர்களையும் கூடவே கொடுங்கள். சொட்டுகிற நாசிலை வைத்துக்கொண்டு பம்பை மட்டும் சரிசெய்வதில் பயனில்லை.

திரும்ப மாட்டும்போது டைமிங் முக்கியம். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், ஃப்ளைவீல் குறி கம்பெனி சொன்ன டிகிரியில் நிற்க வேண்டும். முதல் லைனின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு வளைந்த குழாயைப் போட்டு, தாரையாக விழும் டீசல் சொட்டாக மாறும் இடத்தில் பம்பை இறுக்க வேண்டும். முந்தினால் இன்ஜின் நாக் அடிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும். பிந்தினால் இழுவை குறையும், வெண்புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும்.

அளவுக்கு மேல் டீசலைக் கூட்டினால் என்ன ஆகும் என்றால், காற்று இருக்கிற அளவுக்குத்தான் டீசல் எரியும். மிச்சம் கரும்புகையாகப் போகும், அல்லது தாமதமாக எரிந்து எக்ஸாஸ்டைச் சூடாக்கும். டர்போவுக்கு முன்னால் அந்தச் சூடு தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. புளியரை மாதிரி ஏற்றத்தில், குறைந்த சுற்றில் முழு மிதியில் ஏறும்போது டர்போவும் போதுமான காற்றைத் தராது. பிஸ்டன் தலையும் எக்ஸாஸ்ட் வால்வும் போவது அங்கேதான். புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), பிஎஸ்-4க்கு 50. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம்.

கேள்வி: பொள்ளாச்சிக் கடையில் பம்ப் ஓவர்ஹால் செய்தேன். ஒரு மாதத்தில் இன்ஜின் ஆயிலில் டீசல் கலக்கிறது. "எங்கள் வேலையில் குறை இல்லை" என்கிறார்கள். துண்டுச் சீட்டில்தான் தொகை எழுதிக் கொடுத்தார்கள். நான் இருப்பது கேரளாவில். எங்கே புகார் செய்வது? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: பாலக்காட்டிலேயே செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கடை வேறு மாநிலத்தில் இருப்பது தடை இல்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஒரே வண்டி, சொந்த உழைப்பில் அதை வைத்தே பிழைப்பு என்றால் அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது. பில் கொடுக்காததே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

அதற்கு முன் வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் கலந்த ஆயிலில் பேரிங் போய்விடும். இன்ஜின் ஆயிலே ஓடும் இன்லைன் பம்பில் தேய்ந்த பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) வழியாகவோ ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் இறங்கும். பம்பைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள், சீல் உடைந்தால் பழி உங்கள் மேல் வரும். டிப்ஸ்டிக் அளவு ஏறியிருப்பதைப் படம் எடுங்கள். வேறொரு பெஞ்ச் கடையில் சோதனை அறிக்கை வாங்கி, நகலோடு பழைய கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகாரைப் பதியலாம். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

கேள்வி: பழைய டர்போ லாரி வாங்கப் போகிறேன். பம்பைத் திருகியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கம்பம் வாசகர்)

பதில்: இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஃபுல்-லோடு ஸ்க்ரூவிலும் கவர்னர் மூடியிலும் கம்பி சீல் இருக்கிறதா, நட்டில் புதிய ஸ்பேனர் தடம் மின்னுகிறதா என்று பாருங்கள். சட்டென்று மிதித்தால் ஒரு கொத்துப் புகை வந்து தெளிவது சரி. கறுப்பாக வந்துகொண்டே இருந்தாலோ, காலை எடுத்தபின் சுற்று இறங்கத் தயங்கினாலோ, ஐடிலிங் ஏறி இறங்கினாலோ யாரோ கை வைத்திருக்கிறார்கள். காமன் ரெயில் வண்டியில் (டீசல் அளவைக் கம்ப்யூட்டர் முடிவுசெய்யும் வகை) திருக ஸ்க்ரூ கிடையாது. சென்சார் வயரில் கூடுதலாக ஒரு பெட்டி சொருகியிருக்கிறதா என்று பாருங்கள், அது ரெயில் அழுத்தத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டி டீசலைக் கூட்டும். புகைச் சோதனையை நீங்கள் சொல்லும் இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் பம்பும் இன்ஜெக்டர்களும் பெஞ்ச்சுக்குப் போகும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.