விருது வாங்கிய விளம்பரங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் மூன்று வருடமாக டிசைனராக இருக்கிறேன். கேன்ஸ் லயன்ஸ், டி&ஏடி என்று சர்வதேச விளம்பர விருது வாங்கிய வேலைகளைத் தினமும் பார்த்துச் சேமித்து வைக்கிறேன், ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை, தோன்றினாலும் எங்கேயோ பார்த்ததாகவே இருக்கிறது. போன மாதம் பவானி ஜமுக்காளக் கடை ஒன்றுக்குத் தீபாவளி போஸ்டர் செய்தேன். முழுக்க வெள்ளை விட்டு, ஒரு மூலையில் சின்னதாக ஜமுக்காளத்தை வைத்திருந்தேன். கடைக்காரர் "இவ்வளவு எடம் சும்மா கெடக்குதே தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வேலைகளைப் பார்த்து எப்படித்தான் கற்றுக்கொள்வது?

பதில்:

கடைக்காரர் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் சொன்னது சரி.

அந்த வெள்ளை உங்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1959-ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்காக டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனம் செய்த 'திங்க் ஸ்மால்' (சின்னதாக யோசியுங்கள்) விளம்பரம்தான் இந்த வகைக்குப் பாட்டன். ஆர்ட் டைரக்டர் ஹெல்முட் க்ரோன், எழுதியவர் ஜூலியன் கோனிக். பக்கம் முழுக்க வெறுமை, ஒரு மூலையில் எறும்பு மாதிரி கார். அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் இன்றைக்கும் விருதுத் தொகுப்புகளில் வந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் சேமித்த ஆயிரத்தில் ஐம்பதாவது இந்த வம்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் அன்றைக்கு அமெரிக்காவில் கார் என்றால் நீளமாக, அகலமாக, வாலில் இறக்கை வைத்து வந்துகொண்டிருந்தது. விளம்பரத்தில் அதை இன்னும் நீளமாக ஓவியம் வரைந்து காட்டுவார்கள். அந்தச் சந்தையில் விற்க வேண்டியதோ ஒரு குட்டி, உருண்டை, ஜெர்மன் கார், அதுவும் போர் முடிந்து 14 வருடத்தில். காரின் சின்னத்தனத்தை மறைக்கவே வழியில்லை. அதனால் அதையே முன்னால் வைத்தார்கள், கார் சின்னது, சின்னதாக இருப்பதில்தான் உங்களுக்கு லாபம் என்று. அதைக் கண்ணுக்குக் காட்டுவதற்குத்தான் அத்தனை வெள்ளை. அந்த வெறுமை அந்தக் காரிலிருந்து வந்தது. ஜமுக்காளம் அப்படிப்பட்ட பொருளா? கல்யாண வீட்டில் விரித்தால் பத்துப் பேர் சம்மணம் போட்டு உட்காரும் சமாச்சாரம் அது. அதைப் போய் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒதுக்கினால், முப்பது வருடம் அதை விரித்துக் காட்டியே விற்றவருக்கு மனசு ஒப்பாது.

சரி, இனி ஒரு விருது வேலையைப் பார்த்தால் சேமிக்கும் முன் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். அவர்களுக்கு இருந்த சிக்கல் என்ன, அதில் அவர்கள் கண்ணுக்கு மட்டும் பட்டது என்ன, அதை எப்படிக் காட்டினார்கள். நாம் எல்லோரும் மூன்றாவதை மட்டும் சேமிக்கிறோம், ஸ்கிரீன்ஷாட்டில் விழுவது அது ஒன்றுதான் என்பதால். முதல் இரண்டையும் நீங்களே யோசித்து எழுத வேண்டும், சில சமயம் ஒரு வேலைக்கு அரை மணி நேரம்கூட ஆகும். வாரத்துக்கு மூன்று போதும், ஆயிரம் வேண்டாம்.

சாவ்லான் சாக்பீஸ் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஐடிசி-யின் சாவ்லான் சோப்புக்காக மும்பை ஓகில்வி விளம்பர நிறுவனம் செய்தது, 2018-ல் கேன்ஸில் கிரியேட்டிவ் எஃபெக்டிவ்னஸ் பிரிவில் (விளம்பரம் உண்மையில் பலன் தந்ததா என்று பார்க்கும் பிரிவு) உச்ச விருதான கிராண்ட் ப்ரீ வாங்கியது. சிக்கல் நமக்குத் தெரிந்ததுதான்: கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிடும் முன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், சோப்பு போடுவதில்லை. இதற்கு வழக்கமாக என்ன செய்வோம்? கிருமி படம் போட்டு, கீழே கை கழுவும் முறையை எழுதி, சுவரில் ஒட்டிவிட்டு வருவோம். இவர்கள் பிள்ளைகளின் கையையே கவனித்திருக்கிறார்கள். சிலேட்டில் எழுதி எழுதி விரலெல்லாம் சாக்பீஸ் தூள். அந்தத் தூளோடுதான் குழாயடிக்குப் போகிறார்கள். அப்படியானால் அந்தத் தூளே சோப்பாக இருந்தால்? சாக்பீஸில் சோப்பைக் கலந்து செய்தார்கள், தண்ணீர் பட்டதும் கையில் இருக்கும் தூள் நுரைக்கிறது. பிள்ளைகள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, எப்போதும் போல எழுதினால் போதும், எப்போதும் போலக் கையை நனைத்தால் போதும்.

இதில் நகல் எடுக்க ஒன்றுமே இல்லை பாருங்கள். ஃபான்ட் இல்லை, கலர் இல்லை, லேஅவுட் இல்லை. அதனாலேயே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். மூன்றாவது வரியை நீங்கள் களவாடவே முடியாது, இரண்டாவது வரிதான் கையில் மிஞ்சும்: ஆட்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்துக்குள் நம் பொருளை நுழைக்க முடியுமா? இந்த ஒரு கேள்வியை எந்த கிளையன்ட்டிடமும் கொண்டுபோகலாம்.

ஃபெவிகால் பஸ் விளம்பரத்தையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். ராஜஸ்தான் பாலைவனச் சாலையில் உள்ளே, மேலே, பக்கவாட்டில் எல்லாம் ஆள் தொங்க ஒரு பஸ் குலுங்கிக் குலுங்கிப் போகும், ஒருவர்கூட விழ மாட்டார், பின்பக்கம் ஃபெவிகால் என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான் விளம்பரம். அந்த பஸ்ஸை நம் நாட்டில் பார்க்காதவர் யார்? அதைச் செய்த ஓகில்வியின் பியூஷ் பாண்டே குழு அதை எந்த விருதுத் தொகுப்பிலும் தேடவில்லை, ரோட்டில் போவதுதான் அது. நீங்கள் பார்க்கிற விருது வேலைகளில் நிறைய இப்படித்தான் கடையில், தொழிற்சாலையில், ரோட்டில் பிறந்தவை. ஃபோக்ஸ்வாகனுக்கே 1960-ல் வந்த 'லெமன்' (பழுதான வண்டியை அமெரிக்காவில் அப்படிச் சொல்வார்கள்) விளம்பரத்தில், வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் காரைச் சோதிப்பதற்கென்றே 3,389 பேர் இருக்கிறார்கள், ஒரு நாளில் செய்யும் கார்களைவிட ஆய்வாளர்கள் அதிகம் என்று ஒரு வரி வரும். அறையில் உட்கார்ந்து ரெஃபரன்ஸ் புரட்டினால் இப்படி ஒரு எண் கிடைக்குமா? அந்தக் குழு தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அப்புறம், வேலை செய்யும்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். பிரீஃப் (கிளையன்ட் தரும் வேலைக் குறிப்பு) வந்ததும் ரெஃபரன்ஸ் தேடுவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம், மூளை வெறுமையாகிறது என்று நீங்கள் சொல்வதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பத்து அருமையான பதில்களைப் பார்த்துவிட்டு யாராலும் கேள்வியை யோசிக்க முடியாது. முதல் நாள் எதையும் திறக்காதீர்கள். பேப்பரில் முப்பது ஐடியா எழுதுங்கள், முதல் பத்து எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும், பரவாயில்லை, எழுதித் தீர்த்துவிடுங்கள். ஒன்று பிடிபட்ட பிறகு ரெஃபரன்ஸுக்குப் போங்கள், அப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும்: தலைப்பு எழுத்து எவ்வளவு தடிமன், துணியின் இழை தெரிய ஒளி எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், இப்படி. இந்தக் கைவேலை நுணுக்கங்களுக்கு டி&ஏடி நல்ல இடம். 1962-ல் லண்டனில் டிசைனர்களும் ஆர்ட் டைரக்டர்களும் சேர்ந்து தொடங்கியது, எழுத்துரு, சித்திரம், புகைப்படம் என்று தனித்தனிப் பிரிவு உண்டு, தகுதியானது இல்லையென்றால் அந்த வருடம் அவர்களின் உச்ச விருதான பிளாக் பென்சிலை யாருக்கும் கொடுக்காமல்கூட விட்டிருக்கிறார்கள். ஐடியா எப்படி வளர்கிறது என்று பார்க்க கேன்ஸ். நம் ஊர் வேலைகளுக்கு ஆபி, கியூரியஸ் என்ற இந்திய விருதுகள்.

கேன்ஸ் வீடியோக்களைப் பார்க்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட கேஸ் ஃபிலிம், அதாவது விருதுக்கு அனுப்பும்போது வேலையை விளக்கும் வீடியோ, ஜூரிக்காகச் செய்த விளம்பரம். இசை, கண்ணீர், கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு எல்லாம் அவர்களுக்காக. 2025-ல் பிரேசில் ஏஜென்சி ஒன்றின் கேஸ் ஃபிலிமில் ஏஐ வைத்து மாற்றிய காட்சிகள் இருந்தது தெரியவந்து, வாங்கிய கிராண்ட் ப்ரீயையே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வீடியோ இல்லாமல் உங்கள் அம்மாவுக்கு இரண்டு வரியில் சொல்லிப் புரியவைக்க முடிகிற வேலையை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.

இப்போது உங்கள் ஜமுக்காளத்துக்கு வருவோம். அந்தக் கடைக்காரரின் உண்மையான சிக்கல் தீபாவளி போஸ்டர் இல்லாமல் போனது இல்லை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் பாய், இன்னொரு பக்கம் பவானி ஜமுக்காளம் என்ற பெயரிலேயே விற்கும் விசைத்தறிச் சரக்கு. புவிசார் குறியீடு வாங்கிய, குழித்தறியில் கையால் நெய்த ஒன்றை இவற்றுக்கு நடுவில் அதன் விலைக்கு அவர் விற்றாக வேண்டும். இதுதான் உங்கள் முதல் வரி. இரண்டாவது வரி உங்கள் கம்ப்யூட்டரில் கிடைக்காது. ஒரு நாள் பவானிக்குப் போய், காலையிலிருந்து மாலை வரை கடையில் ஓரமாக உட்காருங்கள். வருகிறவர்கள் எதைத் தடவிப் பார்க்கிறார்கள், எங்கே விலை கேட்டு முகம் மாறுகிறது, கைத்தறி எது விசைத்தறி எது என்று கேட்டால் கடைக்காரர் எந்த இடத்தை மடித்துக் காட்டுகிறார், இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தறிக்கும் போய், ஒரு ஜமுக்காளத்துக்கு எத்தனை நாள், பட்டையின் நிறம் மாறும்போது நெய்பவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

கடைக்காரர் மடித்துக் காட்டுகிற அந்த ஓரத்தை மிக அருகில் போய்ப் படம் எடுங்கள், போஸ்டர் முழுவதும் அந்த இழை மட்டுமே இருந்தாலும் சரி. அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் விரல் நேராக அந்த இடத்துக்குப் போகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.