ஃபிரிட்ஜ் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் வருகிறது. ஃபிரிட்ஜ் வாங்கி 16 வருஷம் ஆகிறது. பின்னால் 180 வாட் என்று போட்டிருக்கிறது. அதை 24 மணி நேரத்தால் பெருக்கினால், பில்லில் பாதிக்குக் கிட்டே ஃபிரிட்ஜுக்கே போகிறது. அதனால் மாமியார் தினமும் இரவில் அதை அணைத்துவிடுகிறார். இது சரிதானா? புதிது வாங்கலாமா?"

முதலில் அந்தப் பெருக்கல். 180 வாட் 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 4.3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் ஆகும். ஆனால் ஃபிரிட்ஜ் அப்படி ஓடுவதில்லை. உள்ளே போதுமான அளவு குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சூடு ஏறியதும் மறுபடி ஓடவிடும். நல்ல நிலையில் இருக்கும் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் பாதி நேரமோ அதற்கும் குறைவாகவோதான் ஓடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கேஸ் கசிவு, கதவு ரப்பர், தெர்மோஸ்டாட் என ஏதோ ஒன்றில் கோளாறு என்று அர்த்தம். அதனால் பின்பக்க வாட்டை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

ஃபிரிட்ஜ் பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. மூன்று நாள் மாட்டிவைத்து, காட்டுகிற யூனிட்டை மூன்றால் வகுத்தால் போதும். அது இல்லாவிட்டால், கல்யாணம், கோயில் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நாளில் ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஈபி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி பாருங்கள். இன்வெர்ட்டரை அணைக்க மறக்காதீர்கள்; பேட்டரி சார்ஜ் ஆகிற கணக்கும் ஃபிரிட்ஜ் தலையில் விழுந்துவிடும். அன்றைக்குக் கதவைத் திறக்க ஆள் இல்லாததால், அளவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும்.

இப்போது பணக் கணக்கு. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். நம் ஊர் கட்டணம் அடுக்கடுக்கானது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தையே எடுத்துக்கொள்கிறேன், மனக்கணக்குக்கு எளிது. முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டில் அதற்கு மேல் வருகிற 100 யூனிட்டுக்கு 8 ரூபாய்; அதோடு 101 முதல் 200 வரைக்கும் 2.25 போய் 4.50 ஆகிவிடும். 2024 ஜூலையில் இந்த விகிதங்கள் ஏறத்தாழ 5 சதவீதம் கூடின. உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதன்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். 60 யூனிட்டுக்காக 705 ரூபாய் கூடுகிறது. 180 யூனிட் ஓடும் வீட்டில் இதே 60 யூனிட்டை மிச்சப்படுத்தினால் 135 ரூபாய்தான் குறையும். ஆக, ஃபிரிட்ஜுக்கு என்ன செலவு என்பது அந்த வீட்டு பில் எந்த அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் வீடு விலை அதிகமான இடத்தில் நிற்கிறது.

அளந்தபோது நாளுக்கு 1.9 யூனிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 114 யூனிட். புதிய ஃபிரிட்ஜின் ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும். 230 என்று இருந்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 38. மிச்சம் 76 யூனிட். உங்கள் பில் 484 யூனிட்டுக்கு இறங்கி 1,629 ரூபாய் ஆகும். இரண்டு மாதத்துக்கு 801 ரூபாய் லாபம், வருஷத்துக்கு ஏறக்குறைய 4,800. ஃபிரிட்ஜ் விலை 25,000 என்றால் ஐந்து வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும், போட்ட பணம் திரும்ப. கடையில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கான விதியை அவ்வப்போது இறுக்குகிறார்கள், 2023 ஜனவரியிலும் இறுக்கினார்கள். பழைய லேபிளின் நான்கு ஸ்டாரும் புதிய லேபிளின் நான்கு ஸ்டாரும் ஒன்றல்ல. யூனிட் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆனால் கடைக்குப் போகும் முன் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு ரூபாய்த் தாளை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தாள் சுலபமாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். 16 வருஷ ரப்பர் விறைத்துப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரப்பர் மாற்றுகிற செலவு புது ஃபிரிட்ஜ் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் துடையுங்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிவையுங்கள்; அடுப்புக்கும் மேற்கு வெயிலுக்கும் பக்கத்தில் வேண்டாம். தெர்மோஸ்டாட்டில் எண் கூடினால் குளிர் கூடும். நடு எண் போதும். இவ்வளவும் செய்த பிறகு மறுபடி அளங்கள். நாளுக்கு 1.2 யூனிட்டுக்குக் கீழே வந்துவிட்டால் அந்த ஃபிரிட்ஜையே நான் வைத்துக்கொள்வேன். வராவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இனி மாமியாரின் பழக்கம். இரவில் யாரும் கதவைத் திறப்பதில்லை, சமையலறையும் பகலைவிடக் குளிர்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் மிகக் குறைவாக உழைக்கிற நேரமே அதுதான். அணைத்துவைத்தால் உள்ளே சூடு ஏறும்; காலையில் அதை இறக்கக் கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓடும். கிடைக்கிற மிச்சம் சொற்பம், அதுவும் உள்ளே இருக்கிற பொருள் சூடாவதால் கிடைக்கிற மிச்சம். பாலும் மீனும் மீந்த குழம்பும் 5 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருப்பது நல்லதல்ல. குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மீட்டர் எண்ணைக் காட்டிச் சொன்னால் ஒப்புக்கொள்வார்.

அப்புறம், புதிது வாங்கினால் பழையதை மாடியில் தண்ணீர் பாட்டிலுக்கு என்று ஓடவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் 560 என்பது 598 ஆகிவிடும்.