முட்டையிடும் பருவத்தில் பாஸ் மீன்: தூண்டில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மார்ச் பிறந்துவிட்டது. லார்ஜ்மவுத் பாஸ் (பெருவாய் கொண்ட நன்னீர் வேட்டை மீன்) கரையோரம் வந்திருக்குமா? எந்தச் செயற்கை இரையில் தொடங்கலாம்?

நாட்காட்டியை மூடிவிட்டுத் தண்ணீரில் வெப்பமானியை இறக்குங்கள். அமெரிக்காவின் தெற்கே புளோரிடாவில் பிப்ரவரியிலேயே கூடு அமைக்கும் இதே மீன், வடக்கே மிச்சிகனில் மே மாதம் வரை காத்திருக்கும். நீர் 50 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆழத்திலிருந்து மேடேறத் தொடங்கும் மீன்கள், ஓடைப் பள்ளங்களின் விளிம்பிலும் நீருக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளிலும் தங்கித் தங்கி வரும். அங்கே ஜெர்க்பெயிட்டை (சுண்டிச் சுண்டி இழுக்கும் மெல்லிய மீன்வடிவ இரை) இரண்டு முறை சுண்டிவிட்டு, பொறுமை போகும்வரை அசைக்காமல் நிறுத்துங்கள். நீருக்கடியில் பாசி இருந்தால் நண்டுச் சிவப்பு நிற லிப்லெஸ் கிராங்க்பெயிட் (முன்பக்கத் தகடு இல்லாத கடின மீன்வடிவ இரை) நல்லது. அது பாசியில் சிக்கும்போது கழியின் நுனியை வெடுக்கென்று ஒரு முழம் உயர்த்துங்கள். பாசி அறுந்து இரை துள்ளி விடுபடும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடி விழும்.

கேள்வி: எந்த நிறம் சிறந்தது?

தெளிந்த நீரில் மங்கலான இயற்கை நிறம், கலங்கிய நீரில் கறுப்பும் நீலமும். நிறத்தைவிட இரை நிற்கும் ஆழமே முக்கியம்.

கேள்வி: கூட்டின் மேல் நிற்கும் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. எதைப் போட்டாலும் கடிப்பதில்லை. ஏன்?

அது பசியில் நிற்கவில்லை, காவல் நிற்கிறது. நீர் 60 டிகிரியைக் கடந்தபின் ஆண் மீன் மணலோ சரளையோ உள்ள இடத்தை வாலால் விசிறித் துடைத்து வட்டமான கூட்டை அமைக்கிறது; பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுவதும் ஆணுக்குத்தான். ஆகவே இரையை ஊட்ட நினைக்காதீர்கள், கோபமூட்டுங்கள். போலரைஸ்டு கண்ணாடி அணிந்து, உங்கள் நிழல் கூட்டின்மேல் விழாதபடி தள்ளி நின்று, டெக்சாஸ் ரிக்கில் (முள்ளின் முனையை இரைக்குள் மறைக்கும் முறை) கோத்த வெள்ளை நிற மென்பிளாஸ்டிக் பல்லியைக் கூட்டுக்கு அப்பால் வீசி மெல்ல உள்ளே இழுத்து வாருங்கள். (வெள்ளை நிறம் மீனுக்காக அன்று; இரை வாய்க்குள் மறைவதை நீங்கள் பார்ப்பதற்காக.) கூட்டுக்குள் ஏதோ ஓரிடத்தில் இரை விழுந்தால் மட்டும் மீன் தலையைச் சாய்த்து, வாலை உயர்த்தி, முறைத்துப் பார்க்கும். அந்த இடத்தை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப அங்கேயே போடுங்கள். பிடித்ததும் ஈரக்கையால் தூக்கி, குறடால் தூண்டில் முள்ளை எடுத்து, அதே கூட்டருகில் உடனே விடுங்கள்.

கேள்வி: காவல் மீனைப் பிடிப்பதே பாவமில்லையா? அது நகர்ந்தால் ப்ளூகில் என்னும் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடுமே.

கேள்வி: மேலே கேட்டவருக்கு ஒரு மறுப்பு. ஒரு கூட்டில் முட்டைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு கூடு அழிந்தால் ஏரி காலியாகிவிடுமா?

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. காவல் விலகிய சில நிமிடங்களிலேயே ப்ளூகில் கூட்டம் கூட்டைச் சூறையாடும் என்பதில் ஐயமில்லை. முட்டை பொரிந்த பிறகும் ஆண் மீன் குஞ்சுகளைச் சுற்றிக் காவல் இருக்கும். ஆனால் முட்டையிடும் பருவம் நீண்ட தெற்கில் ஒரு கூட்டின் இழப்பை மற்றவை ஈடுசெய்யும். கோடை குறுகிய வடக்கில் அந்த வாய்ப்பு குறைவு. டெக்சாஸில் ஆண்டு முழுவதும் பாஸ் பிடிக்கலாம்; கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளிலோ வசந்தத்தில் தடை உண்டு, ஜூன் பிற்பாதியில்தான் பருவம் திறக்கும். எனவே வடக்கில் கூட்டைக் கண்டால் விலகிச் செல்வேன். தெற்கில் பிடித்தாலும் ஒரு நிமிடத்துக்குமேல் நீருக்கு வெளியே வைக்க மாட்டேன். மீனைப் படகுத் தொட்டியில் போட்டு ஏரியின் மறுகரைக்குக் கொண்டுபோய் விடுபவர், விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. அந்தக் கூடு அதற்குள் முடிந்திருக்கும்.

கேள்வி: இன்னொரு பாஸ் இனமான ஸ்மால்மவுத்துக்கும் இதே முறைதானா?

ஏறக்குறைய. அது சற்றுக் குளிர்ந்த நீரிலேயே தொடங்கும், சரளையை விரும்பும். சிறிய டியூப் (உள்ளீடற்ற மென்பிளாஸ்டிக் இரை) அல்லது நெட் ரிக் (Ned rig; சிறு ஈயத்தலை முள்ளில் கோத்த குட்டி மென்புழு) போதும்.

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் ஏரிக்குப் போகிறேன். எந்த இரை?

முதல் பதிலைப் படியுங்கள். வெப்பமானி.

கேள்வி: வால்ஐ மீனுக்கு எந்த இரை?

அது என் துறை அன்று. அதைப் பிடிப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: வாக்கி ரிக் என்பது என்ன?

சென்கோ என்ற வணிகப்பெயரில் விற்பது போன்ற நேரான மென்பிளாஸ்டிக் புழுவின் நடுவில் தூண்டில் முள்ளைக் குத்துவதுதான். ஈயம் வேண்டாம். இரு முனைகளும் நடுங்கியபடி மெல்ல இறங்கும். நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை, அதுதான் பலருக்கும் கடினம். தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் கடித்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: முட்டையிட்டு முடிந்தபின்?

களைத்த பெண் மீன்கள் அருகிலுள்ள ஆழமான விளிம்புகளுக்கு நகர்ந்து சில நாட்கள் மந்தமாக இருக்கும்; அவற்றுக்கு மேலே சொன்ன வாக்கி ரிக்கே ஏற்றது. விடியற்காலையில் கரையோரப் புதர்களருகே நீர்மேல் மிதக்கும் பாப்பர் என்ற இரையைக் குஞ்சுக்காவல் ஆண் பாய்ந்து தாக்கும். பாப்பரைச் சுற்றிக் கறுப்புப் புகைபோல் குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த புதருக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மே மாதம் போனால் எந்த இரை?

வெப்பமானி.