பார்த்தவர் சொன்னால்தான் பதக்கம்

வணக்கம் ஐயா,

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாக இருந்தவர். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார். டிரங்குப் பெட்டியில் மூன்று நான்கு மெடல்கள் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளி விழாவில் பேச வந்தவர் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். இதுவரை 21 பேர்தான், அதில் 14 பேர் இறந்தபிறகு பெற்றவர்கள் என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். "எங்க பிளட்டூன்ல ஒருத்தன் அடிபட்ட ரெண்டு பேரைத் தூக்கிட்டு வந்து போட்டான். மூணாவது ஆளை எடுக்கப் போனவன் வரலை. அவனுக்கு என்ன கெடச்சுது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்தப் பதக்கங்களை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? செத்தால்தான் பெரிய பதக்கமா? அதிகாரிக்கு ஒரு நியாயம், சிப்பாய்க்கு ஒரு நியாயமா? அப்புறம், அப்பாவின் மெடல்களைப் பள்ளிக் கண்காட்சிக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அவருக்கு ஆறுதல் தராது. போரில் ஒருவர் செய்த காரியம் பதக்கமாக வேண்டுமென்றால் இன்னொருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் உயிரோடு திரும்ப வேண்டும். அவர் சொல்வதை ஓர் அதிகாரி உட்கார்ந்து எழுத வேண்டும். அந்தத் தாள் பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்று படியேறிப் படைத் தலைமையகத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் போய், குடியரசுத் தலைவர் பெயரில் அரசிதழில் வர வேண்டும். இதில் எங்கே அறுந்தாலும் போச்சு. அந்தச் சிப்பாயின் கதை பெரும்பாலும் முதல் படியிலேயே அறுந்திருக்கும். மூன்றாவது ஆளை எடுக்கப் போன இடத்தில் அவரைப் பார்த்தது யார்?

ரெசாங் லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 நவம்பர் 18. லடாக்கில் சுசூல் விமானத் தளத்தைக் காக்கும் கணவாய், 16,000 அடிக்கு மேல். 13-ஆவது குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், பெரும்பாலும் இன்றைய ஹரியானா பக்கத்து அஹிர் சமூகத்தவர்கள். தலைவர் மேஜர் சைத்தான் சிங். நடுவே மலை மறித்ததால் பின்னாலிருந்த பீரங்கிகளால் உதவ முடியவில்லை. சீனப் படை அலை அலையாக வந்தது. நூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே மடிந்தார்கள்.

தப்பி இறங்கிய சிலர் நடந்ததைச் சொன்னபோது மேலே இருந்தவர்கள் நம்பவில்லை. கடைசி ஆள் வரை நின்று சண்டை போட்டார்களா? இவர்கள் மட்டும் எப்படிப் பிழைத்தார்கள்? ஓடிவந்துவிட்டுக் கதை விடுகிறார்களோ? அந்தப் போரில் மற்ற இடங்களிலிருந்து வந்த செய்திகள் எல்லாம் பின்வாங்கிய செய்திகளாக இருந்ததால் சந்தேகம் இன்னும் பலமாகிவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்தப் பக்கம் போன ஓர் இடையர் உடல்களைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் குழு அனுப்பினார்கள். பனி எதையும் அழியவிடாமல் வைத்திருந்தது. பதுங்கு குழிகளில் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள். மருத்துவ உதவியாளர் தரம்பால் தாஹியா கையில் ஊசியும் கட்டுத் துணியுமாகக் கிடந்தார். சைத்தான் சிங்கைத் தன் ஆட்கள் எந்தப் பாறை ஓரமாக விட்டுவந்ததாகச் சொன்னார்களோ, அங்கேயே இருந்தார். உயிரோடு வந்தவர்களின் வாக்குமூலத்துக்கு இறந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. சைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. தாஹியாவுக்கும் இன்னும் சிலருக்கும் வீர் சக்கரம்.

அந்தக் குளிரில் உடல்கள் அப்படியே இருந்ததால் உண்மை வெளியே வந்தது. இதே சண்டை அசாம் காட்டிலோ வங்காளச் சேற்றிலோ நடந்திருந்தால், பிழைத்து வந்தவர்கள் ஆயுள் முழுக்க ஓடுகாலிகள் என்ற பேரோடு இருந்திருப்பார்கள்.

அதே போரில் நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பாங்காங் ஏரிக்கரையில் சிரிஜாப் காவல் நிலையை மேஜர் தன் சிங் தாப்பா கூர்க்கா வீரர்களோடு காத்தார். அக்டோபர் 20 அன்று அந்த இடம் வீழ்ந்தது. மேஜர் இறந்துவிட்டார் என்றே முடிவு செய்து, இறந்தவருக்கான முறையில் பரம்வீர் சக்கரமும் அறிவித்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் மனிதர் சீனாவில் போர்க்கைதியாக இருக்கிறார். 1963 மே மாதம் திரும்பி வந்தார்.

இது ஒருமுறை நடந்த விபத்து என்றும் தள்ளிவிட முடியாது. 1999-இல் கார்கிலில், டைகர் ஹில் சண்டைக்காக கிரெனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கும் முதலில் 'இறந்தபின்' என்றுதான் அறிவித்தார்கள். அவரோ ஆஸ்பத்திரியில் இருந்தார். வயது 19. செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறி உச்சியை அடைந்த சிறு குழுவில் மற்றவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். உடம்பெல்லாம் குண்டோடு பிணம்போலக் கிடந்ததையும், நெஞ்சுக்கு வந்த ஒரு குண்டைச் சட்டைப்பையில் இருந்த ஐந்து ரூபாய் நாணயங்கள் தடுத்ததையும் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் உருண்டும் தவழ்ந்தும் கீழே வராமல் போயிருந்தால், அந்த உச்சியில் யார் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. நமக்குத் தெரிவது ஒருவர் பிழைத்ததால்.

அதே மலையில் இன்னொன்றும் நடந்தது. நம் ஊர் மேடைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள். டைகர் ஹில்லை மீட்கப் பாகிஸ்தான் தரப்பில் எதிர்த்தாக்குதல் நடத்தியவர் கேப்டன் கர்னல் ஷேர் கான். ('கர்னல்' அவர் பெயரிலேயே இருப்பது, பதவி இல்லை. கேப்டனாகத்தான் இறந்தார்.) இந்தியப் பக்கம் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா அந்தச் சண்டையைக் கவனித்துக்கொண்டிருந்தார். எதிரியின் உடலைக் கீழே கொண்டுவரச் சொன்னார். திருப்பி அனுப்பும்போது, இவர் மிகத் துணிச்சலாகச் சண்டையிட்டார், இவருக்கு உரிய மரியாதையைச் செய்யுங்கள் என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்தார். பாகிஸ்தான் அவருக்கு நிஷான்-ஏ-ஹைதர் கொடுத்தது. அவர்களுக்கு அதுதான் ஆக உயர்ந்தது.

எதிரியின் சாட்சியை மட்டுமே வைத்துப் பதக்கம் கொடுத்ததும் உண்டு. 1943 ஆகஸ்ட் 11, மேற்கு ஆப்பிரிக்கக் கடல். நியூசிலாந்துக்காரர் லாயிட் டிரிக் ஓட்டிய குண்டுவீச்சு விமானம் யூ-468 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைத் தாக்கியது. விமானத்தில் தீப்பிடித்தபிறகும் அவர் விலகவில்லை. நேராக வந்து குண்டுகளைப் போட்டுவிட்டுக் கடலில் விழுந்தார். விமானத்தில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நீர்மூழ்கியும் மூழ்கியது. தப்பிய சில ஜெர்மானியர்கள் அந்த விமானத்திலிருந்தே மிதந்து வந்த ரப்பர் படகில் ஏறிப் பிழைத்தார்கள். பிரிட்டிஷ் கப்பல் அவர்களைப் பிடித்து விசாரித்தபோது நீர்மூழ்கியின் தலைவர் நடந்ததைச் சொன்னார். அதை வைத்துத்தான் டிரிக்குக்கு விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் ஆக உயர்ந்த வீரப் பதக்கம். அவர்கள் அந்தப் படகில் ஏறாமல் மூழ்கியிருந்தால் கணக்கேட்டில் 'விமானம் திரும்பவில்லை' என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

செத்தால்தான் பெரிய பதக்கமா என்று கேட்டீர்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. நம்முடைய 21 பேரில் ஏழு பேர் உயிரோடு வந்து வாங்கியவர்கள். விக்டோரியா கிராஸின் ஆரம்பகால வழக்கமோ நேர் எதிர்: இறந்தவருக்குக் கிடையாது. 1879-இல் தென்னாப்பிரிக்காவில் இசாண்டல்வானா சண்டையை ஒட்டி இறந்த மெல்வில், காக்ஹில் என்ற இரண்டு அதிகாரிகளுக்கு 1907-இல்தான் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்கு 1911 வரை அந்தப் பதக்கத்துக்கு உரிமையே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய பிரிட்டிஷ் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு படைப்பிரிவு முழுவதுமே ஒரேபோலத் துணிச்சலாக நடந்துகொண்டால் யாருக்குக் கொடுப்பது? ஓட்டுப் போடச் சொல்லிவிடுவார்கள். அதிகாரிகள் தங்களுக்குள் ஒருவரை, ஹவில்தார் மட்டத்தில் இருப்பவர்கள் ஒருவரை, சாதாரணச் சிப்பாய்கள் இருவரைத் தேர்ந்தெடுக்கலாம். 1857 கலகத்தை அடக்கிய படைகளில் இப்படி வாக்கெடுப்பு நடந்தது. கடைசியாக 1918-இல் பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு. பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும் யார் முன்னால் போனது என்று. உங்கள் அப்பாவின் பிளட்டூனில் ஓட்டுப் பெட்டி வைத்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதிகாரி, சிப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். 21 பேரில் அதிகாரிகள் 12, மற்றவர்கள் 9. ஒரு பட்டாலியனில் அதிகாரிகள் சொற்பம், சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். அப்படிப் பார்த்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. இதற்கு வஞ்சகம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம் ராணுவத்தில் இளம் அதிகாரிகள் முன்னால் போகிறவர்கள், அதனால் அதிகமாகச் சாகிறவர்கள். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. கம்பெனித் தலைவர் என்ன செய்கிறார் என்பதை நூறு பேர் பார்க்கிறார்கள். பதுங்கு குழிச் சிப்பாயைப் பார்ப்பவர் பக்கத்துக் குழிக்காரர் ஒருவர்தான். பரிந்துரையை எழுதுகிறவரும் அதிகாரி. அவர் கண் எட்டிய தூரம்தான் அந்தத் தாளுக்கு எட்டும்.

தமிழர்கள் நாம் பேசத் தயங்குகிற பெயர் ஒன்று அந்த 21-இல் இருக்கிறது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 8-ஆவது மஹார் பட்டாலியன், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில், தேடுதல் முடிந்து திரும்பும்போது புலிகளின் பதுங்கித் தாக்குதலில் சிக்கினார். குண்டடிபட்ட பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டு, ஆணைகள் கொடுத்தபடி இறந்தார். சென்னை சாலிகிராமத்தில் ராணுவத்தினர் குடியிருப்புக்கு அவர் பெயர்தான்: பரமேஸ்வரன் விஹார். அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியுமோ! அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபரில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் அதே அமைதிப்படை சுட்டுக்கொன்றதையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் மறக்கவில்லை. பாராட்டுரை ஒரு மனிதர் சில நிமிடங்களில் செய்ததைச் சொல்லும். அந்தப் படை அங்கே என்ன செய்தது என்பது அந்தத் தாளில் வராது. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் நேர்மை என்பது என் கட்சி.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். 71-இல் மேற்கு முனையில் இருந்தவர் என்றால் ஒன்று பஷ்சிமி ஸ்டாராக இருக்கும். நட்சத்திர வடிவில் இருப்பது அதுதான். இன்னொன்று சங்கிராம் மெடல். மூன்றாவது, 1972-இல் சுதந்திரத்தின் 25-ஆவது ஆண்டுக்காகப் பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்ததாக இருக்கலாம். இவை போரில் இருந்ததற்கும் பணியில் இருந்ததற்கும் கொடுப்பவை. வீரச் செயலுக்கான பதக்கங்கள் வேறு. புளியோ பிராஸோவோ போட்டுத் தேய்க்காதீர்கள். மெடலில் அப்பாவின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், அது மழுங்கிவிடும்.

அந்தச் சிப்பாயின் பெயரையும் பட்டாலியனையும் அப்பாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு போர்களில் இறந்த சுமார் 26,000 பேரின் பெயர்கள் கருங்கல் பலகைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பெயர் வர யாரும் பரிந்துரை எழுத வேண்டியதில்லை. இணையத்திலும் தேடலாம். கிடைக்கவில்லை என்றால் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆவணப் பிரிவுக்கு, அப்பாவின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போடுங்கள்.

கண்காட்சிக்குக் கொடுப்பதை அப்பா முடிவு செய்யட்டும். அவர் சம்மதித்தால், எந்த மெடல் எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பக்கத்தில் வைக்கும் அட்டையை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளியில் யாராவது 'வீரப் பதக்கங்கள்' என்று பெரிதாக எழுதிவைப்பார்கள். அதைப் பார்த்தால் அப்பா அங்கேயிருந்தும் எழுந்து போய்விடுவார்.